பட்டியலில் இல்லாதவை

மார்கழி மூன்றாம் நாள்
பேங்க்காரர்கள் வந்து கதவுக்கு அரக்கு வைத்தார்கள்.
நாற்காலி நாற்பத்தொன்று, ஏசி ஆறு
என்று எழுதிக்கொண்டவர்கள்
தொட்டிச்செடிகளை எழுதவில்லை.
என் ஏழு வாரச் சம்பளத்தையும்.

கண்ணாடிக்கு உள்ளே
சன்னலோரம் மணிபிளான்ட்.
எம்.டி. ரூம் வாசலில்
பேர் தெரியாத அகல இலைக்காரி.
வெள்ளிதோறும் ஈரத்துணியால்
முகம் துடைத்துவிடுவேன் அவளுக்கு.

இப்போது தை.
நொய்யல் பக்கமிருந்து சாயவாடையோடு
வறட்டுக் காற்று வந்து
உதட்டைப் பிளக்கிறது.

"சீல ஒடச்சாக் கேசாயிரும் பாவாயி,
செடிக்கோசரமா செயிலுக்குப் போகோணும்?"
என்ற வாட்ச்மேன் செங்கோடன்தான்
ராத்திரி உட்கார்ந்து
பனியன் வேஸ்ட்டைத் திரியாக முறுக்கினார்.
ஒரு விரல் திறந்திருந்த சன்னல் வழியே
ஒட்டடைக் கம்பில் கட்டி உள்ளே விட்டோம்.
வெளியே ஸ்டூல் மேல் பக்கெட்.
துணி குடித்துக் குடித்து
மண்ணுக்குச் சொட்டியது.

மணிபிளான்ட் பிழைத்துக்கொண்டது.

அகல இலைக்காரி வரை எட்டக்
கம்பு இல்லை எங்களிடம்.
நாலு இலை போய்விட்டது.
மிச்சமிருக்கும் ஒன்று இன்றைக்குச்
சன்னல் பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

வெளிச்சத்துக்காகத்தான்.
தெரியும்.