சிங்கிளா, டபுளா

ஃபஹாஹீல் கடைத்தெருவில்
ஈரானியர் கடை வாசலில்
ஜிப் வைத்த பைகளுக்குள்
மூச்சுமுட்டிக் கிடந்தன போர்வைகள்.
மயில். ரோஜா. குதிரை. புலி.
"சிங்கிளா, டபுளா?" என்றார் கடைக்காரர்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
கட்டில் ஒன்று.
ஆள் இரண்டு.
ஆனாலும் சிங்கிள்தான்.
இதை எந்தப் பாஷையில் சொல்வது?

ஓபுலேசு கடப்பைக்காரன்.
மங்காஃபில் கார் நிறுத்துமிடத்துக்கு இரவுக் காவல்.
நான் லாண்டரியில்
பகலெல்லாம் அடுத்தவர் அங்கிகளின் சுருக்கம் எடுப்பவன்.
ஐந்தரைக்கு நான் எழுந்தால்
ஆறரைக்கு அவன் படுப்பான்.
மாலை அவன் கிளம்பி
இரண்டு மணி நேரம் கழித்து நான்.
வாடகையில் பாதி, மெத்தையில் முழுசு.
பதினான்கு மாதமாக
அவன் முகத்தைவிட
தலையணையில் அவன் தலை பதிந்த குழிதான்
எனக்குப் பழக்கம்.

டிசம்பர் பிறந்ததும்
வாசலில் எதிர்ப்பட்டபோது
"சலி, சலி" என்றான்.
சளி என்று நினைத்து
இருமல் மருந்து வாங்கித் தலைமாட்டில் வைத்தேன்.
மூன்று நாள் ஒழுங்காகக் குடித்திருக்கிறான்.
நாலாம் நாள்
தோளைக் கட்டிக்கொண்டு
பல்லைக் கிட்டிக் காட்டினான்.
அவர்கள் பேச்சில் சலி என்றால் குளிர்.

ஏசி பெட்டியைச் சுற்றி நாங்கள் அடைத்த அட்டையைப்
பாலைக்காற்று
நாக்கால் தள்ளிப் பார்க்கிற மாதம்.

நான் தொழில் கையால் தடவினேன்.
ரோமத்தைக் கிள்ளி இழுத்தேன்,
ஓரத் தையலை நகத்தால் நெருடினேன்.
பழுப்பு, நாலு கிலோ.
அழுக்குத் தெரியாது. மெஷினுக்குள் போகும்.
ஒரே பகலில் காயும்.
முடிந்தது என்று திரும்பினால்
ஓபுலேசு புலிப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறான்.
ஆறு கிலோ, ஆரஞ்சு நிறம்,
மீசை ஒவ்வொன்றும் என் விரல் நீளம்.

"இதை யார் துவைப்பது?"
"நீதானே லாண்டரி."

அரை ஹிந்தி, கால் தமிழ், மீதியைக் கையாலும் சொன்னான்.
ராத்திரி முழுக்க இரும்பு நாற்காலி.
ஜாக்கெட்டுக்குள் காற்று புகுந்து புகுந்து
உடம்பு காகிதமாகிவிடுகிறதாம்.
விடிந்து படுத்தால்
பறந்துவிடுவோமோ என்றிருக்கிறதாம்.
மேலே எதையாவது வைத்து அழுத்தணுமாம்.

பேப்பர் வெயிட்டா கேட்கிறாய் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

பத்து தினார். ஆளுக்கு ஐந்து.
நான் நாலரைதான் எடுத்தேன்;
மீசைக்கெல்லாம் காசு தர முடியாது.
அவன் பேசாமல் ஐந்தரை வைத்தான்.

பஸ்ஸில்
புலி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது.
நாங்கள் இருவரும் நின்றோம்.

அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது.
காலையில் போர்வையை உதறி எழுவதில்லை.
சட்டையை விட்டுப் பாம்பு போவதுபோல்
உள்ளிருந்து நழுவி வருகிறேன்.
மடிப்பதில்லை.
வாய்ப்பக்கம் அமுக்கி
மேலே தலையணையை ஏற்றிவிட்டுப் போகிறேன்.
ஒரு மணி நேரம்தானே.
பாதிச் சூடாவது தங்கும்.
நான் சொன்னதில்லை.
அவன் கேட்டதுமில்லை.

எட்டு மணிக்கு நான் வரும்போது
எனக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.
புலி ஜில்லென்று கிடக்கும்,
கொஞ்சம் சிகரெட் நாற்றத்தோடு.
அந்த அரை தினாரைக் குறைத்தது சரிதான்
என்று நினைத்தபடி உள்ளே போவேன்.

இன்று வெள்ளி. எனக்கு லீவு.
விடிந்து வந்தவன்
பூட்ஸைக் கழற்றியும் கழற்றாமலும் நுழைந்துவிட்டான்.
நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து
டீ ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.
தலை தெரியவில்லை. கால் தெரியவில்லை.
கட்டிலில் புலி மட்டும்தான்.
அதன் விலா ஏறுகிறது,
இறங்குகிறது,
லேசாகக் குறட்டையும் விடுகிறது.