மீதிச் சில்லறை

வெஸ்ட்வில் சிறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஒரு பிளாஸ்டிக் பையைத் தந்தார்கள்.
இடுப்பில் நிற்காத ஒரு கால்சட்டை,
ஒற்றைக் கம்மல்,
உயிர்போன கைபேசி,
எண்பத்தைந்து ரேண்ட்.
சரிபார்த்துக்கொள் என்றாள் காவலாளி.
எண்ணினேன்.
எண்ணத் தெரிந்ததால்தானே உள்ளே போனேன்.

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
எங்கள் தெருப் பெண்களின் சாவுச் சீட்டுக்கு
ஒன்பது வருஷம் நான்தான் கணக்கு.
மாதம் நூறு ரேண்ட், முப்பத்தொரு வீடு,
பச்சை அட்டை நோட்டு.
முதலில் கடனாகத்தான் எடுத்தேன்.
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்;
உள்ளே நாற்பது பேர் வாயால் கேட்டிருக்கிறேன்
அதே வாக்கியத்தை.
தவமணியின் புருஷன் ஜூலையில் செத்தான்.
நோட்டில் பணம் இருந்தது.
பெட்டியில் இல்லை.
தகனச் செலவுக்கு அவள்
தையல் மிஷினை விற்றாள்.

இதைக் கோர்ட்டில் படித்தபோது
மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள்.
வேண்டாம் என்றேன்.

பக்கத்துப் படுக்கை நோம்தாண்டாசோ.
காலையில் கண் விழித்ததும் சொல்வாள்: சாவுபோனா.
எனக்கு அது தமிழாகவே கேட்கும்.
சாவு போனா...
போனா என்ன, மிச்சத்தையும் சொல்லடி என்று
காத்துக் கிடப்பேன்.
மாதங்கள் கழித்துத்தான் விளக்கினாள்,
என் தலையைப் பின்னிக்கொண்டே:
உன்னைப் பார்க்கிறேன் என்று அர்த்தம்.
வேறொன்றுமில்லை. பார்க்கிறேன்.

இங்கே யாரும் பார்க்கவில்லை.
கோபமாய்க்கூட இல்லை.
துணி உலர்த்தும் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி
படுக்கை விரிப்பை உதறுகிறாள்,
நான் கடந்துபோகும்வரை
உதறிக்கொண்டே இருக்கிறாள்.
மாரியம்மன் கூழுக்கு அழைப்பு
தங்கை பேருக்கு வந்தது.
'குடும்பத்துடன்' என்பதை யாரோ அடித்திருந்தார்கள்,
ஸ்கேல் வைத்து, நேராக.

தங்கை வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை.
விளக்கை அணைத்தால் தூக்கம் வருவதில்லை.
அணைக்காவிட்டால் தங்கை புருஷன்
மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.
மாலை ஆறுக்குள் உள்ளே இருக்க வேண்டும்.
பரோல் அதிகாரி வாசலில் நின்று கூப்பிடுவார்:
சிவபாக்கியம் மூட்லி!
இந்தத் தெருவில் என் பேரை
உரக்கச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

பதினோராவது வாரம்
தவமணி கேட்டருகே வந்து நின்றாள்.
இருநூறு ரேண்ட் நோட்டை நீட்டினாள்.
"முழங்கால் முடியல.
ரெண்டு ரொட்டி, பால், மீலி மாவு.
மிச்சத்தைக் கொண்டா."

நான் போனபோது ரொட்டி பதிமூன்று.
இப்போது பத்தொன்பது.
சில்லறையை மூன்று தடவை எண்ணினேன்,
மூன்று தடவையும் என் மனக்கணக்குக்குக் குறைந்தது.
ரசீது கேட்டேன்.
ரோல் தீர்ந்துவிட்டது என்றான் சோமாலிப் பையன்.
எழுதிக் கொடு என்றேன். சிரித்தான்.
கெஞ்சினேன்.
பிஸ்கட் அட்டையைக் கிழித்து
ஒவ்வொன்றாக எழுதினான்.
தேதி போடு என்றேன்.
கையெழுத்துப் போடு என்றேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

ஓடவில்லை.
நான் ஓடினால் வேறு மாதிரித் தெரியும்.

தவமணி என் எதிரிலேயே எண்ணினாள்,
தாளுக்கு விரலை நாக்கில் தொட்டு,
காசுகளை மேசையில் அடுக்கி,
ஒளிவுமறைவு இல்லாமல்.
அப்படி எண்ணியதில்
எனக்கு ஏனோ மூச்சு வந்தது.
அட்டையை வாங்கினாள். படிக்கவில்லை.
இரண்டாய் மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகி
அழுத்திப் பார்த்தாள்.

சுவரோரம் தையல் மிஷின் இருந்த இடத்தில்
தரை மட்டும் வேறு நிறம்.
அங்கே காலை வைக்காமல் நின்றேன்.

"வியாழக்கிழமை மாத்திரை வாங்கணும்,
கிளினிக்கில வரிசை பெரிசு,
ஆறுக்கே வந்துடு" என்றாள்.
ஏழுக்கு முன்னால் வெளியே வர
எனக்கு அனுமதி இல்லை என்றேன்.

மாவு டப்பாவை மூடிக்கொண்டே
யோசித்தாள்.
"சரி, ஏழரை."