இரண்டு பத்துக்கு ஒரு பள்ளம்

பணகுடியில் கார்த்திகை.
காற்றாலைகள் கை விரித்தபடி சும்மா நிற்கின்றன.
ஆடியில் இங்கே எதையும் அளக்க முடியாது;
கணவாய்க் காற்று ஓட்டிடுக்கில் புகுந்து
எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.

லில்லிபுஷ்பத்தின் உள்ளறையில்
தையல் மெஷின் மேல் கருவியை வைத்தேன்.
நிறமில்லை, மணமில்லை அதற்கு.
ஊருக்கடியில் கிடக்கும் பாறையில்
ரேடியம் சிதைந்து பிறக்கிறது ரேடான்.
பிறந்த நாலு நாளில் பாதி அழிந்துபோகும்,
அதற்குள் சிமெண்டுத் தரையின் வெடிப்பு வழியாக
கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிடும்.

பிற்பகல் மூன்றுக்கு முப்பத்தெட்டு பெக்கரல்.
ராத்திரி வீட்டை அடைத்ததும் ஏறும்.
வெளியே பனி. உள்ளே
மாமியார், மருமகள், பிள்ளை, மூன்று மூச்சுச் சூடு.
சூடேறிய காற்று ஓட்டு வழியே போகப் போக
வீடு மண்ணை உறிஞ்சுகிறது.
மழை பெய்த மறுநாள் இன்னும் கூடும்:
முற்றம் நனைந்து மூடிக்கொள்ள
காய்ந்த மண் வீட்டுக்கு அடியில் மட்டும்.
விடியுமுன் ஐந்துக்கு நூற்று நாற்பதைத் தொட வேண்டும்.
இதே தெருவில் ஆறு வீட்டில் தொடுகிறது.

இங்கே மட்டும்
தினமும் இரண்டு பத்துக்கு ஒரு பள்ளம்.

கதவு திறக்கும் நேரம் எழுதக் கொடுத்த நோட்டில்
மாமியாரின் குண்டு கையெழுத்து:
‘ராத்திரி திறக்கவில்லை.’

தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன்.
“மெதுவாப் பேசுங்க மேடம்.
புறவாசல்ல நின்னாத்தான் டவர் கிடைக்கும்.
சோஹார்ல அவுகளுக்கு அப்பதான் ஷிப்ட் முடியும்.
அத்தைக்குத் தெரியாது.
அதெல்லாமா இந்தப் பெட்டியில வருது?”
வரும் என்றேன்.
“என்ன பேசுனம்னும் வருமா?”
குடம் நிறைந்து வழியும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆய்வுக்கூடப் பழக்கம் எனக்கு,
காரணம் தெரிந்தால் உடனே குறித்துவிட வேண்டும்.
நோட்டின் ஓரத்தில், பென்சிலால்:
புறவாசல், 2.10, நாற்பது நிமிடம்.

டிசம்பர் ஒன்பதோடு பள்ளம் நின்றது.
கோடு இப்போது வழவழவென்று ஏறி
ஐந்துக்கு உச்சி தொட்டு
வெயிலோடு சேர்ந்து இறங்குகிறது.
“இந்தப் படத்தைத்தான் கட்டுரையில் போடணும்” என்கிறார் கைடு.

கருவியை எடுக்கப் போனேன்.
முன்வாசலில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தது.
லில்லிபுஷ்பம் முந்தானையால் தூசி துடைத்துத் தந்தாள்,
முகம் பார்க்கவில்லை.
புறவாசல் தாழ்ப்பாளில் புதுப் பூட்டு.

நோட்டை பஸ்ஸில்தான் திறந்தேன்.
என் பென்சில் வரிக்கு நேரே
நீலப் பேனாவால் ஒரு டிக்.