பதினைந்து

வின்னிபெக்கில் ஜனவரி.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே ஹீட்டர் இரவெல்லாம் ஊதி
சுவரிலிருந்தும் தோலிலிருந்தும்
இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிறது.
ஆரணியின் கைகளுக்கு நான்கு வயது.
புறங்கையில் சிவப்பு,
விரலிடுக்கில் வெடிப்பு,
மணிக்கட்டைச் சுற்றி
உப்புத்தாள் தேய்த்தது போல ஒரு வளையல்.

முதல் டாக்டர் படை என்றார்.
இரண்டாமவர் சிரங்காயிருக்கலாம் என்று
வீட்டுப் படுக்கை விரிப்பெல்லாம்
வெந்நீரில் தோய்க்க வைத்தார்.
மூன்றாமவர் களிம்பு எழுதித் தந்து
"மெல்லிசாய்ப் பூசுங்கள்" என்றார்.
பூசினால் நான்கு நாள் போகும்.
ஐந்தாம் நாள், திறப்பு வைத்திருக்கிற வாடகைக்காரன் போல
தட்டாமல் உள்ளே வரும்.
தோல் நிபுணரிடம் பெயர் கொடுத்திருக்கிறோம்.
நவம்பரில் பார்ப்பாராம்.

டேகெயாரில் நடக்கக் கூட்டிப் போகும்போது
கயிறொன்று நீட்டுவார்கள்.
பிள்ளைக்கொரு வளையம், பிடித்துக்கொண்டு நடக்க.
வட்டமாய் நின்று விளையாடும்போதுதான்
கயிறு கிடையாது.
பக்கத்துப் பையன் அவள் கையைப் பார்த்துவிட்டு
சட்டையின் நுனியைப் பிடித்தானாம்.
"ஓவன் என்ர ஸ்லீவைப் பிடிச்சவன் அம்மா" என்றாள்,
ஏதோ பரிசு கிடைத்தது போல.
அன்றிரவு நான் பாத்திரம் கழுவி முடிக்க
நெடுநேரம் எடுத்தது.

கொப்பி ஒன்று போட்டேன்.
பால், முட்டை, தக்காளி, கச்சான்,
விளையாட்டுக் களிமண், கம்பளிக் கையுறை,
புதுச் சலவைத்தூள்,
தர்மினி வீட்டுப் பூனை.
ஒவ்வொன்றாய் விலக்கினேன்.
முட்டையில்லாமல் ஒரு மாதம்.
தர்மினி இன்னும் கோபம்.
கைகள் அந்தக் கொப்பியை
வாசித்ததாகவே தெரியவில்லை.

எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை.
அந்த வருடம், எங்கள் மாடியில் மட்டும்
பதினொரு கட்டில்கள் வெறுமையானதைப் பார்த்தவள்.
அதற்குப் பிறகு வாசலில் என் முதல் சொல்
"வா குஞ்சு" அல்ல,
"கை கழுவினியா?"
சாப்பிட முன். சாப்பிட்ட பின்.
லிஃப்ட் பொத்தானைத் தொட்டால், காசைத் தொட்டால்,
யாரோ எங்கோ இருமினால்.
இருபது மட்டும் எண்ணிக் கழுவு என்று
பழக்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை முறை மாறி
சொல்லாமல் நேரத்தோடு வந்தேன்.
இவர் சோபாவில் உறக்கம்.
குளியலறையில் தண்ணீர்ச் சத்தம்.
முக்காலியில் ஏறி நிற்கிறாள்,
முழங்கை வரை நுரை.
"பன்ரெண்டு, பதிமூண்டு, பதினாலு, பதினாறு...
ஐயோ, பிழைச்சுப் போச்சு."
சவர்க்காரத்தை மறுபடி அமுக்குகிறாள்.
ஒண்டு. ரெண்டு.
பதினாலு. பதினாறு.
மறுபடி அமுக்குகிறாள்.
வெடித்த இடத்தில் எரிந்திருக்க வேண்டும்,
உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்,
எண்ணுவதை நிறுத்தவில்லை.

நான்காம் தரத்தில் கண்ணாடியில் என்னைக் கண்டாள்.
"அம்மா, பதினாலுக்குப் பிறகு
எங்க போறது?"

குழாயை மூடினேன்.
துவாயால் ஒற்றினேன், தேய்க்கவில்லை.
பிறகு கொப்பியைத் திறந்து
பூனைக்குக் கீழே அடுத்த வரியில்
என் பெயரை எழுதினேன்.

ஆறிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
இரவில் வாஸ்லின் பூசி
வாத்துப் படம் போட்ட காலுறையைக்
கைகளில் மாட்டிவிடுகிறேன்.
வளையல் மெலிந்திருக்கிறது.
குளிர் ஏறினால் மறுபடி சிவக்கிறது.
நவம்பர் இன்னும் நவம்பரில்தான் இருக்கிறது.

இன்று காலை ஜாம் அப்பிய கையோடு
ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்தாள்.
நிபுணரின் கடிதத்துக்குப் பக்கத்தில்
ஐந்து விரல், சிவப்பாய்,
ஸ்ட்ராபெரி.
வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு
ஒன்று, இரண்டு என்று
எனக்குள் எண்ணத் தொடங்கினேன்.
பதினைந்தைத் தொட்டபோது
அவள் விளையாடப் போயிருந்தாள்.