நாலு குன்றிமணி ஈயம்

எய்தவன் இருக்க அம்பை நோகாதே என்பார்கள்.
வத்தலக்குண்டில் சிக்கந்தர் ராவுத்தர் கடையில்
ஒரு மணி நேரமாக
அம்பை மட்டுமே நொந்துகொண்டிருந்தோம்.

ஏர்கன் வாங்க வந்தவள் நான்.
விளக்கமெல்லாம் கொழுந்தனுக்கு.
"நாலரை எம்.எம். கோடு போட்ட மாதிரி போகும், தம்பி.
அஞ்சரை கொஞ்சம் சோம்பேறி.
ஆனா போய் உக்காந்துட்டா எந்திரிக்க விடாது."
கருமலை தலையாட்டினான்.
அவன் கண்ணில் காட்டுக்கோழி மேய்ந்தது.

என் கணக்கு எலி.
பூம்பாறையில் பரண் நிறையப் பூண்டு தொங்குகிறது,
கட்டுக்கு நாலு பல்லாவது குடைந்திருக்கும்.
விஷம் வைத்தால் முதலில் பூனை சாகும்.

பக்கத்துப் பட்டறை ஆசாரியிடம்
இரண்டு குண்டையும் நிறுக்கக் கொடுத்தேன்.
உடுக்கை போல் இடை சிறுத்த ஈயம்.
சின்னது நாலு குன்றிமணி,
பெரியது ஏழும் கொஞ்சமும்.
"தோடா, மூக்குத்தியாம்மா?" என்றார்.

நாலரையை எடுத்தேன்.
பழனியில் படித்தபோது என்.சி.சி.யில்
படுத்துச் சுட்டுப் பழகியவள்,
துல்லியம் என்றால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.
கேரட் படிக்கட்டுக்கு மேலே யூகலிப்டஸ் மரம்,
அதில் போன வருஷத்துக் காலண்டர் அட்டை,
இருபத்தைந்து தப்படி.
ஐந்து ஓட்டையும் ஒரு எட்டணாவுக்குள்.
பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.
பிறகு பள்ளத்திலிருந்து ஏறி வரும் காற்று
நாலு குன்றிமணியை மதிக்காது.

முதல் எலி விட்டத்தில் நின்றது.
வைத்த இடத்தில் பட்டது.
பட்டதே தெரியாத மாதிரி
முன்னங்கால் இரண்டாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு
கட்டுகளுக்குள் நடந்து போனது.
பின்னால் பலகையில் ஈயம்
ஊசி ஏறினது போல, அவ்வளவு சுத்தம்.

நாலாம் நாள்
அத்தனை பூண்டு வாசத்தையும் மீறி
தான் இருக்கும் இடத்தைச் சொன்னது.
கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன்.
எவ்வளவு தூரம் போயிருக்கிறது
அந்த ஓட்டையோடு.
என் குறி தப்பவில்லை.
அதுதான் உறுத்தியது.

ராவுத்தர் மாற்றிக் கொடுத்தார்,
முந்நூறு ரூபாய் கூட வாங்கிக்கொண்டு.
திறந்த குண்டு டப்பா மட்டும் வேண்டாமாம்.
அது என் சமையல் அலமாரியில்
கடுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

அஞ்சரைக்கு வேறு சுபாவம்.
கொஞ்சம் தள்ளி நின்றாலும் விரல்கடை தாழ்ந்துவிடுகிறது,
எலித் தலையே விரல்கடைதான்.
அதனால் கிட்டே போனேன்.
இருபது, பதினைந்து, பிறகு
சாக்கைப் போர்த்திக்கொண்டு பத்துத் தப்படி.
பத்தில் மீசை தெரிகிறது.
பல்லைப் பல்லால் உரிப்பது தெரிகிறது,
தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்,
என்னைவிட நேர்த்தியாக.
அது முடிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் இருந்தேன்.
பிறகு சுட்டேன்.

உட்கார்ந்தது. எழவில்லை.
ராவுத்தர் சொன்னது சரிதான்,
என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

மார்கழியில் ஒரு சாயங்காலம்
"மதினி, துப்பாக்கி" என்று வந்து நின்றான் கருமலை.
சோலைக்குள் சேவல் கூவியது எனக்கும் கேட்டது.
ஃபாரஸ்ட் கார்டு, கேஸ் என்று ஆரம்பித்து
பாதியில் விட்டேன். அவனுக்குத் தெரியாததா.
துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன்.
அலமாரியைத் திறந்து, கடுகை நகர்த்தி,
டப்பாவையும் கொடுத்தேன்.

குழாயை மடக்கி ஒன்று வைத்தானாம்.
மறுமுனை வழியே வழுக்கி
அவன் செருப்பில் விழுந்ததாம்.
இன்னொன்று வைத்தானாம்.
அதுவும்.

இருட்டும் வரை
சேவல் கூவிக்கொண்டிருந்தது.
நான் இரவுக்குப் பூண்டு உரித்தேன்.