அரைக் குளிசை

சுகிர்தா சவர பிளேட்டால் குளிசையை வெட்டுகிறாள்,
தட்டின் முதுகில் வைத்து.
ஒரு பாதி எனக்கு.
மறுபாதி அவளுடைய பேர்ஸுக்குள், பூட்டோடு.
தட்டில் மிஞ்சிய வெள்ளைத் தூளை
விரல்நுனியால் ஒற்றி நக்கினேன் நேற்று.
கண்டவள் ஒன்றும் சொல்லவில்லை.
இன்று ஈரத்துணிக்கு மேல் வைத்து வெட்டுகிறாள்.

தொடக்கத்தில் இது களவு இல்லை.
மா மில்லில் மூட்டை சரிந்த அன்று
முள்ளந்தண்டில் இரண்டு எலும்புக்கு நடுவே
என்னவோ பிதுங்கிற்று என்றார்கள்.
பெரியாஸ்பத்திரித் துண்டில் என் பெயர், முத்திரை,
நாளுக்கு இரண்டு, சாப்பாட்டுக்குப் பின்.
முதல் குளிசை விழுங்கிய பின்னேரம்
உள்துறைமுகத்துக்கு யாரோ எண்ணெய் தடவிவிட்டாற்போல
ஒரு மினுக்கம்.
முதுகு மட்டுமா?
சீட்டுக்காசு, மேற்பார்வையாளனின் பேச்சு,
கனடாவில் போனை எடுக்காத தம்பி
எல்லாம் ஒரு முழம் தள்ளிப்போய் நின்றன.
அதை யாரும் துண்டில் எழுதியிருக்கவில்லை.

இரண்டு நாலாகி, நாலு எட்டானது.
எந்த நாளில் என்று கேட்டால்
நகம் எந்த நாளில் வளர்ந்தது என்று சொல்வேனா?

திருகோணமலையில் ஒரு கொப்பி,
கிண்ணியாவில் ஒரு கொப்பி,
கந்தளாயில் சிங்களத்தில் எழுதிய ஒரு கொப்பி.
மூன்று கொப்பியிலும் மூன்று நோ.
பாலம் கடக்கும் பஸ்ஸில்
எந்த டொக்டருக்கு எந்தப் பொய் என்று
பாடமாக்கிக்கொண்டு போவேன்,
சோதனைக்குப் போகும் பிள்ளை மாதிரி.

ரிஸ்மி நானாதான் பிடித்தார்,
அனுராதபுரச் சந்தி மருந்துக்கடையில்.
துண்டை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார்.
இரண்டைப் பன்னிரண்டு ஆக்கியிருந்தேன்.
பேனையின் நீலம் ஒத்துவரவில்லை.
"தம்பி, இதை நான் தரமாட்டன்.
பொலிசுக்கும் சொல்லமாட்டன்.
கிளினிக்குக்கு ஒரு கோல் எடுக்கவா?"
தூஷணத்தால் ஏசினேன்.
அவர் கோல் எடுத்தார்.

டொக்டர் சாமரிக்குத் தமிழ் கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை.
"நீங்க கெட்ட ஆள் இல்ல. மூளை பழகிட்டுது.
ஒரேயடியா நிப்பாட்ட வேணாம், கூடாது.
கொஞ்சம் கொஞ்சம் குறைப்பம்."
எவ்வளவு நாள் என்றேன்.
"நாள் இல்ல" என்றார். "மாசம்."

முதல் குறைத்த கிழமை
கொட்டாவி. கொட்டாவிக்கு மேல் கொட்டாவி.
அழுகை இல்லாமலே கண் ஒழுகியது.
பங்குனி வெயிலில் கையெல்லாம் புல்லரித்தது.
இரவில் கால்கள் தம்பாட்டில் உதைத்தன.
சுகிர்தா பாயை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனாள்,
எனக்கு இடம் விட என்று நினைத்தேன்.
வெளியே போகாமல் மறிக்க.

நோ திரும்பி வந்தது.
அதில் எது முதுகு, எது மற்றது
என்று பிரிக்கத்தான் இப்போது படிக்கிறேன்.
இரண்டும் ஒரே குரலில் கூப்பிடும்.
முதுகென்றால், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும்.
மற்றது, நடந்தால்
மருந்துக்கடை வாசலுக்குத்தான் கூட்டிப்போகும்.

ஆகவே விடியப்புறம் நடக்கிறேன், கடைகள் திறக்குமுன்.
பஸ் நிலையத்தடியில் மான்கள் குப்பை கிளறுகின்றன.
சோற்றுப் பார்சலை ஒன்று
உறையோடு சேர்த்து மெல்லுகிறது.
கோட்டைக்குள் புல் இருப்பது அதற்கும் தெரியும்.
நிமிர்ந்து பார்த்தது.
கையிலிருந்த பணிஸை நான் போடவில்லை.
சரியா பிழையா, தெரியாது.

ஆனியில் ஒருமுறை வழுக்கினேன்.
கிண்ணியா. நாலு குளிசை.
இம்முறை நானே போய்ச் சொன்னேன்.
டொக்டர் கொப்பியில் எழுதினார்,
சிவப்பில் அல்ல,
வழமையான அதே நீலத்தில்.
அடுத்த திகதியும் போட்டார்.

இனிக் கால்.
"காலாக்கினா பிளேட்டுக்கு ஏலாது,
எல்லாம் தூளாப் போயிடும்" என்கிறாள் சுகிர்தா.
அதற்கு என்ன செய்வதென்று
இரண்டு பேரும்
தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.