குட்டி கேட்டு வாறவைக்கு

மாங்குளத்தில இறங்கி
ஒட்டுசுட்டான் ரோட்டால வாங்கோ. நீலக் கேற்.
மணி அடிக்கத் தேவையில்லை.
நீங்கள் பஸ்ஸால இறங்கேக்குள்ளேயே
மிளகிக்குத் தெரிஞ்சிடும்
கையில என்ன பார்சல் எண்டு.

எல்லாரும் முதல்ல கேக்கிறது:
கள்ளனைக் கடிக்குமோ?
கடிக்காது.
கள்ளனுக்கு வாலாட்டும். அவனிட்டப் பாண் இருந்தால்
அவனோடயே போகும்.
பண்டி பிடிக்குமோ?
பண்டி போன பாதையைப் பிடிக்கும்.
பண்டியைக் கண்டால் எனக்குப் பின்னால நிக்கும்.
பேந்தேனக்கா இந்த விலை எண்டார்
பனங்காமத்தால வந்த ஒருத்தர்.
அவற்ர மகள் அதுக்குள்ள
சீமெந்து நிலத்தில மல்லாந்து கிடக்கிறாள்,
நெஞ்சில ஆறு குட்டி.
நான் ஒண்டும் சொல்லேல்லை.

நாங்கள் காணுறது வெறும் செம்மண்.
பீகிள் அதை வாசிக்கும்:
விடிய நடந்த மயில்,
பிறகொரு சைக்கிள்,
அதின்ர ரயருக்குக் கீழ நசிஞ்ச பாலைப்பழம்.
வாசிக்கத் தொடங்கினால் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை.
காது நீளம், கேள்வி குறைவு.

ஆண் நாய் வவுனியாவில, வங்கி மனேச்சர் வீட்டில.
ஓட்டோவில கொண்டு போனன்.
என்ர மடியில மிளகி,
பக்கத்தில என்ர சாப்பாட்டுப் பார்சல்.
புளியங்குளத்தில திரும்பிப் பார்த்தன்,
பார்சல் இல்லை.
வாழையிலையும் இல்லை.

அறுபத்திமூண்டு நாள்.
சூடு இறங்கின இரவு
விரிச்ச சாக்கை விட்டுட்டு
என்ர துணிப்பெட்டிக்குள்ள போய்ப் படுத்தாள்.
அஞ்சாவது மூச்செடுக்கேல்லை.
துவாயால தேச்சன். தலைகீழாப் பிடிச்சன். தேச்சன்.
வெளிய கொழும்பு ரயில் போகுது.
அந்த நோவுக்குள்ளயும் மிளகி
ரயிலுக்கு ஊளையிட மறக்கேல்லை.
என்ர கைக்குள்ள இருந்து
ஒரு சின்னக் குரல் சேர்ந்தது.

பத்திரம் தபாலில வந்தது.
தாய், தகப்பன், தகப்பன்ர தகப்பன்,
அஞ்சு தலைமுறை, ஆளாளுக்கு இலக்கம்,
ஒரு பேரிலும் எழுத்துப்பிழை இல்லை.
மனுசன் குகதாசன் ரெண்டுதரம் வாசிச்சுப்போட்டுச் சிரிச்சார்.
அவருக்குப் பிறப்புப் பத்திரம் மூண்டு.
ஒண்டில பிறந்த இடமில்லை,
ஒண்டில தகப்பன் வேற ஆள்,
மற்றது கச்சேரியில இன்னும் வருது.
கண்ணாடி போட்டு மாட்டுவம் இதை எண்டார்.
மாட்ட முந்தி மிளகி மூலையைத் திண்டிட்டாள்.
பூட்டனார் ஒருத்தர் வயித்துக்குள்ள.

குடும்பத்துக்கு நல்லதோ?
அதைக் கேளுங்கோ, சொல்லுறன்.
போன ஈத்தில ஒண்டு மல்லாவிக்குப் போனது,
தவராணி ரீச்சர் வீட்டுக்கு.
மகன் ஏஜென்சிக்குக் காசைக் குடுத்து ஏமாந்த நாளில இருந்து
மூண்டு பேருக்கும் கதை பேச்சில்லை.
நாய் மூண்டு பேரிட்டயும் தனித்தனியாப் போய்ப்
பட்டினியெண்டு முகத்தை வைச்சுது.
மூண்டு பேரும் வைச்சினம்.
நாய் உருண்டு திரண்ட பிறகு
ஒருநாள் குசினிக்க சத்தம்:
ஆர் வைச்சது? நீங்களோ? நானெல்லே வைச்சனான்!
இப்ப அந்த வீட்டில ஒரே சண்டையாம்.
ரீச்சர் சந்தோசமா ரெலிபோனில சொன்னவ.

சங்கிலி எண்டால் குட்டி தரமாட்டன்.
காதைக் கிழமைக்கு ஒருக்காத் துடையுங்கோ.
நாள் முழுக்கத் தனிய விட்டால் பாயைத் தின்னும்,
பாயில்லாட்டிச் செருப்பை,
அதுவும் ஒற்றைச் செருப்பை.
அஞ்சாவதைக் கேக்காதேங்கோ.

போகேக்குள்ள கேற்றைச் சாத்திப்போட்டுப் போங்கோ.
மூக்கு முதல் போகும்,
நாய் பிறகு போகும்,
அதுக்குப் பின்னால
சட்டியும் கையுமா நான் ஓடவேணும்.